அல்லியின் செவ்வாய்க்கிழமை

சுரக்குடி அல்லிக்கு வேலைக்குப் போவது பிடிக்காது. அதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டாலும் சொல்வாள், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் கேட்டாலும் சொல்வாள். கேட்டவர்கள் உடனே காரணம் தேட ஆரம்பிப்பார்கள்.

"மொதலாளி சரியில்லையா?"

"நல்ல மனுசன்தான்."

"சம்பளம் ஒழுங்கா வரலியா?"

"ஒண்ணாந்தேதி வந்துடுது."

"யாராச்சும் தொந்தரவு பண்றாங்களாம்மா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்பறம் என்னதான் கஷ்டம்?"

"வேலைக்குப் போறதுதான் கஷ்டம்."

சிலர் சிரிப்பார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நாள் முழுக்க உழைத்துவிட்டு வரும் ஆணொருவன் இதையே சொன்னால் அலுப்பு என்று எடுத்துக்கொள்ளும் ஊர், அல்லி சொன்னால் திமிர் என்றது.

அவள் வேலை பார்த்தது திருநள்ளாற்றில், கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் மூன்று மாடி லாட்ஜில். வாசலில் நுழைந்ததும் இருக்கிற மேசை அவளுடையது. பி.காம். முடித்து, கல்யாணமாகி, மகள் எழில்மதி நடக்க ஆரம்பித்த வருஷம் சேர்ந்தாள். மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அல்லி இன்னும் அதே மேசையில்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து வண்டிகள் வரத் தொடங்கும். ஆந்திரா, கர்நாடகா, கோயம்புத்தூர், சேலம். ஏழரைச் சனி பிடித்தவர்கள், பிடிக்கப் போகிறதென்று ஜோசியர் சொன்னவர்கள், பிடித்து விட்டுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ள வந்தவர்கள். சனிக்கிழமை விடிவதற்கு முன்பே குளத்துக்குப் போய் நல்லெண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு, சீயக்காய் படாத தலையோடு வந்து வெள்ளைத் தலையணையில் சாய்வார்கள். அதே அறைக்கு மறுநாள் வருகிறவர், "உறையெல்லாம் எண்ணெ நாத்தம் அடிக்குது, இதுக்கா இவ்ளோ வாங்குறீங்க?" என்று அல்லியிடம் கத்துவார். சுடுதண்ணீர் வரவில்லை, அறையில் எறும்பு, வண்டி நிறுத்த இடமில்லை, தரிசன வரிசை ஏன் இவ்வளவு நீளம், எல்லாவற்றுக்கும் அல்லிதான் பதில் சொல்ல வேண்டும். சனீஸ்வரனுக்கே அவள்தான் காரியதரிசி என்பதுபோல் பேசுவார்கள். அத்தனைக்கும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பது முதலாளி கார்த்திகேசனின் கண்டிப்பு.

கார்த்திகேசன் கெட்டவரில்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். எழில்மதிக்கு டெங்கு வந்தபோது தன் காரையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "இத லாட்ஜுன்னு நெனைக்காத அல்லி, இது நம்ம குடும்பம்" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். அந்த வார்த்தையைக் கேட்டாலே அல்லிக்குக் காது கொதிக்கும். குடும்பம் என்றால் என் பங்கு எங்கே என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டதில்லை.

அவளுடைய கோபம் அந்த லாட்ஜின் மேலும் இல்லை, கார்த்திகேசன் மேலும் இல்லை. ஒரு நாளில் நல்ல வெளிச்சம் இருக்கும் நேரம் முழுவதையும் யாருக்கோ கொடுத்துவிட்டு, தீர்ந்துபோன உடம்போடு வீட்டுக்கு வருகிறோம். வந்தால் அங்கே அடுப்பு காத்திருக்கிறது. சாப்பிடுவதற்காக வேலைக்குப் போகிறோம், வேலைக்குப் போவதற்காகச் சாப்பிடுகிறோம், இதில் நான் எப்போது இருக்கிறேன்? இதுதான் அவள் கேள்வி. இந்தக் கேள்வியோடுகூட வாழ்ந்துவிடலாம். ஆனால் இதைச் சந்தோஷமாகச் செய்கிறோம் என்று வேறு சொல்லச் சொல்கிறார்களே, அங்கேதான் அவளுக்கு வயிறு எரிந்தது. பசிக்காகப் போகிறோம் என்று உள்ளதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

வாரத்தில் செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. லாட்ஜ் காலியாகக் கிடக்கும் நாள் அது. பேருக்குத்தான் விடுமுறை. காலையில் பல் தேய்ப்பதற்குள் போன் வரும். மூன்றாவது மாடிச் சாவி எங்கே? ஆன்லைனில் புக் பண்ணினவர் வந்து நிற்கிறார், பெயரே இல்லையே, என்ன சொல்வது? வெளுப்புக்காரர் உறைகளைக் குறைத்துக் கொண்டுவந்திருக்கிறார், நீயே ஒரு வார்த்தை பேசு. போன் ஓய்ந்த நேரத்தில் வீடு பிடித்துக்கொள்ளும். வாரத்துக்கான மாவு அரைப்பது, துணி துவைப்பது, சிலிண்டர், ரேஷன், மகளின் பள்ளிக்கூடத்துக் கூட்டம். கணவன் செந்தில்குமார் காரைக்காலில் ஒரு பெயின்ட் கடையில் விற்பனை பார்க்கிறான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று அவன் பத்து மணிக்கு எழுந்து, கறி வாங்கி வந்து வைத்துவிட்டு, மறுபடி படுப்பான். ஞாயிற்றுக்கிழமை லாட்ஜில் அறைகள் காலியாகும் நெரிசலை முடித்துவிட்டு வந்து அந்தக் கறியைச் சமைப்பவள் அல்லி.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மகளிர் தினம் வந்தது.

காரைக்காலில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு சேவைச் சங்கம் நடத்துகிறார்கள். கார்த்திகேசன் அதில் பொருளாளர். அந்த வருஷம் மகளிர் தினத்தில் உழைக்கும் பெண்களுக்கு விருது கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். தன் லாட்ஜிலிருந்து அல்லியின் பெயரைக் கொடுத்தார் அவர். கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

"காலையில பத்து மணிக்கு மண்டபத்துக்கு வந்துடு. பட்டுப்பொடவை கட்டிட்டு வா. போட்டோ எடுப்பாங்க."

"சார், செவ்வாக்கெழமையாச்சே."

"அதான் நல்லதாப் போச்சு. ஒனக்கு லீவு. லாட்ஜுக்கும் எடைஞ்சல் இல்லே."

அல்லி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எழுந்து, மாவு அரைத்து, துணி துவைத்துக் காயப்போட்டு, மதியத்துக்குச் சமைத்து வைத்துவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். பத்து மணிக் கூட்டம் பதினொன்றரைக்குத்தான் ஆரம்பித்தது. மேடையில் இருந்தவர்களில் ஆண்களே அதிகம். ஒவ்வொருவரும் பெண்ணைத் தெய்வம் என்றார்கள். வீட்டையும் வேலையையும் இரண்டு கண்களாகப் பார்க்கிறாள் என்றார்கள். ஒருவர், "நம்ம அம்மா என்னைக்காச்சும் ஒக்காந்து பாத்திருக்கோமா?" என்று கேட்டுக் கண் கலங்கினார். அல்லிக்குப் பக்கத்தில் இருந்த நர்ஸம்மா முதல் நாள் இரவு வேலையை முடித்துவிட்டு நேராக வந்தவள். உட்கார்ந்தபடியே தூங்கி, கைத்தட்டலுக்கு மட்டும் விழித்தாள்.

அல்லியின் முறை வந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பட்டயம் கொடுத்தார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று மைக்கை நீட்டினார் தொகுப்பாளர். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் அவள் மைக்கை வாங்கினாள். முன்வரிசையில் கார்த்திகேசன் கையால் வாயோரங்களை இழுத்து, சிரி, சிரி என்று சாடை காட்டினார். அதைப் பார்த்ததும் உள்ளே எதுவோ அறுந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குச் செவ்வாக்கெழமை. வாரத்துல எனக்கு இந்த ஒரு நாள்தான் லீவு. நான் நல்லா ஒழைக்கிறேன்னு சொல்றதுக்காக அந்த லீவையும் எடுத்துக்கிட்டீங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"நான் சிரிக்கிறதுக்குச் சொல்லலே. எனக்கு வேலைக்குப் போகப் பிடிக்காது. சம்பளம் வேணும், அதுக்காகப் போறேன். வாங்குற சம்பளத்துக்கு ஒழுங்கா வேலை செய்றேன், அதுல யாரும் கொற சொல்ல முடியாது. ஆனா பிடிக்கலே. வேலைக்குப் போயிட்டு வந்து வீட்டுல செய்றேனே, அதுவும் பிடிக்கலே. ரெண்டு கண்ணுன்னு சொன்னாங்க. ரெண்டு கண்ணும் எரியுது. மேடையில இருக்கிற சார்மாருங்க அம்மா ஒக்காந்ததே இல்லேன்னு அழுவுறாங்க. ஒரு நாற்காலி எடுத்துப் போட்டிருக்கலாம்ல?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"இங்க இருக்கிற பொம்பளைங்களக் கேக்குறேன். நாளைக்குக் காலையில எந்திரிச்சு ஓடுறதுக்கு எத்தனை பேருக்கு ஆசையா இருக்கு? கையத் தூக்குங்க."

முன்வரிசையில் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை கையைப் பாதி உயர்த்தி, சுற்றிலும் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். தொகுப்பாளர் ஓடிவந்து, "அம்மா நகைச்சுவை உணர்வு உள்ளவங்க" என்று மைக்கை வாங்கிக்கொண்டார். அல்லி கீழே இறங்கி, பட்டயத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.  

யாரோ எடுத்த வீடியோ சாயங்காலத்துக்குள் வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்தது. கார்த்திகேசன் போன் செய்தார். கத்தவில்லை. அடிபட்டவர் குரலில் பேசினார்.

"ஒன்னைப் பெருமைப்படுத்தணும்னுதானே அல்லி கூட்டிட்டுப் போனேன். நாலு பேருக்கு முன்னால எம் மூஞ்சில கரியப் பூசிட்டியே. நான் ஒன்னைக் கொடுமை பண்றேன்னுல்ல ஊரு பேசுது."

"நீங்க கொடுமை பண்றீங்கன்னு நான் சொல்லலே சார்."

"பிடிக்காத எடத்துல என்னாத்துக்கு இருக்கணும்? நீ வர வேணாம்."

போனை வைத்துவிட்டார். செந்தில்குமார் அதற்குள் கடையிலிருந்து வந்திருந்தான். அங்கேயும் வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள்.

"எங்க கடை மொதலாளி கேக்குறாரு, ஒம்பொண்டாட்டிய நீ வேலைக்கு அடிச்சுத் தொரத்துறியான்னு. ஒனக்கு என்ன பிரச்சினை அல்லி? பிடிக்கலேன்னா எங்கிட்டச் சொல்லு. மைக்குல ஏன் சொல்றே?"

"உங்ககிட்ட எத்தனை வருசமாச் சொல்றேன்? நீங்க டிவியத்தானே பாத்தீங்க?"

"எனக்கு மட்டும் பெயின்ட் டப்பா தூக்குறது பிடிச்சா இருக்கு?"

"பிடிக்கலேல்ல? அதச் சொல்லுங்க. வாயத் தொறந்து சொல்லுங்க. ஒங்களுக்கும் பிடிக்கலே, எனக்கும் பிடிக்கலே. ஆனா ஒங்களுக்கு ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு இருக்கு."

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். எழில்மதி புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் குரும்பகரத்திலிருந்து அவள் அப்பா காத்தமுத்து வந்தார். ஊரார் நிலங்களில் கூலிக்கு உழைத்தே மகளைப் படிக்கவைத்தவர். தன் பெண் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசை அவருக்கு. அது நடந்தது. அதனால்தான் அல்லி உலகத்தில் எல்லோரிடமும் சொல்லிய அந்தச் சொல்லை அவரிடம் மட்டும் சொன்னதில்லை. இப்போது யாரோ அவருக்குப் போனில் அந்த வீடியோவைக் காட்டிவிட்டார்கள். அவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"வெயில்ல நின்னவங்கிட்ட வந்து நெழலு சுடுதுங்கிற. நல்லா இருக்கு புள்ள."

"அப்பா, நான் ஒன்ன ஒண்ணும் சொல்லலேப்பா."

"என்னத்த சொல்லல? ஒங்கம்மா நெறமாசத்துல நாத்து நட்டா. நாங்கள்லாம் பிடிக்குது பிடிக்கலேன்னு பாத்திருந்தா நீ காலேசுக்குப் போயிருப்பியா?"

அல்லிக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"ஒனக்குப் பிடிச்சா நின்னேப்பா வயல்ல? மார்கழிப் பனியில மடை தெறக்கப் போனியே, பிடிச்சா போனே?"

"பிடிக்கிறதாவது ஒண்ணாவது. எங்கள எவன் கேட்டான்?"

"அதத்தாம்பா நானும் சொல்றேன். ஒன்னையும் யாரும் கேக்கல. என்னையும் யாரும் கேக்கல. ஒன்னைக் கேக்காதது ஒனக்குக் கோவமே வரலியா?"

காத்தமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "வந்துச்சு. வந்து என்னா பண்றது?" என்றார். எழில்மதியின் தலையைத் தடவிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அவருக்கு மகள் மேலிருந்த வருத்தம் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த பொங்கல் வரை அவர் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

வேலை போன பிறகு முதல் இரண்டு மூன்று நாட்கள் அல்லி நன்றாகத் தூங்கினாள். அதற்கப்புறம்தான் வேறொன்று தெரிந்தது. அவள் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்ததும், எல்லோரும் அவளைச் சும்மா இருப்பவளாக எடுத்துக்கொண்டார்கள். செந்தில்குமார் முன்பெல்லாம் தன் சட்டைக்குத் தானே இஸ்திரிப் பெட்டி போடுவான். இப்போது அதையும் விட்டான். எதிர்வீட்டு அமுதா, கொரியர் வந்தால் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நாத்தனார் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் கைக்குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டியூஷன் எடு. வாட்ஸப்பில் புடவை வியாபாரம் பண்ணு. நீதான் மீன்குழம்பு பிரமாதமாக வைப்பாயே, ஆர்டர் எடுத்துச் செய்.

கடைசி யோசனை அவளைக் கொஞ்சம் ஆட்டிப்பார்த்தது. கோட்டுச்சேரிமேட்டுக்குக் காலையிலேயே போய் மீன் வாங்கிவந்து, தன் கைப்பக்குவத்தில் குழம்பு வைப்பது அவளுக்கு நிஜமாகவே பிடிக்கும். பிடித்ததையே தொழிலாகச் செய்தால் வேலை செய்கிற நினைப்பே இருக்காது என்று அமுதா அடித்துச் சொன்னாள். அல்லி செய்துபார்த்தாள். தெருவில் நாலு வீடு, பெயின்ட் கடையில் சில பேர். ஒரு மாதம்கூட ஓடவில்லை. ஒருவருக்குப் புளி தூக்கல், ஒருவருக்கு மீன் துண்டு சின்னது, ஒருவர் பன்னிரண்டரைக்குக் கேட்டு ஒன்றரைக்கு வந்து ஆறிப்போச்சு என்றார். ஒருநாள் குழம்பு கொதித்து வாசம் எழும்பியபோது அவளுக்குக் குமட்டியது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். தனக்கென்று மிச்சமிருந்த ஒன்றையும் விற்றுவிட்டோம் என்று தோன்றியதும் வந்த ஆத்திரத்தில், சட்டியோடு கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினாள். அன்றைக்கு ஆர்டர் சொன்னவர்களுக்குக் குழம்பு இல்லை. மறுநாளிலிருந்து ஆர்டரும் இல்லை.

வீட்டில் கை இறுக ஆரம்பித்தது. செந்தில்குமார் ஒருவன் சம்பளத்தில் மகளின் படிப்பும் வீடும் ஓடாது. அது அல்லிக்குத் தெரியும். வேலை பிடிக்காது என்று சொன்னாளே தவிர, வேலை வேண்டாம் என்று சொல்லும் வசதி தனக்கு இருப்பதாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

சித்திரை முடிகிற சமயத்தில் கார்த்திகேசனே போன் செய்தார். அவள் இடத்தில் சேர்த்த பையன் இரண்டு சனிக்கிழமையைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்குப் போய்விட்டான். அவர் மனைவி மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ரத்தக்கொதிப்பு ஏறியதுதான் மிச்சம்.

"நடந்ததை மறந்துடுவோம் அல்லி. நம்ம குடும்பம் இது. கோவிச்சுக்கிட்டு இருந்தா எப்படி?"

அல்லி நேரில் போனாள். அதே மேசைக்கு இந்தப் பக்கம், விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் புருவம் உயர்ந்தது. 

"வர்றேன் சார். ஆனா மொதல்ல குடும்பம்னு சொல்றதை நிறுத்துங்க. எனக்கு வீட்டுல ஒரு குடும்பம் இருக்கு. அதுவே போதும் போதும்னு இருக்கு. இது வேலை. நான் செய்றேன், நீங்க சம்பளம் குடுக்குறீங்க."

"சரி. சரிம்மா."

"செவ்வாக்கெழமை நான் போனை எடுக்க மாட்டேன். தீப்பிடிச்சாலும் தீயணைப்புக்குத்தான் போன் பண்ணணும். சாயங்காலம் ஆறு மணிக்கு என்னை மாத்திவிட ஆளு வந்தாலும் வராட்டியும் நான் கெளம்பிடுவேன். அப்பறம் சிரிக்கச் சொல்லாதீங்க. மரியாதையாப் பேசுவேன். சிரிப்பு வந்தா சிரிப்பேன்."

"இவ்ளோதானா, இன்னும் இருக்கா?" என்றார் அவர். குரலில் எரிச்சல் தெரிந்தது.

"இவ்ளோதான்."

"சம்பளத்துல கொறைப்பேன். ஆறு மணிக்குப் போறதுன்னா ராத்திரிக்கு வேற ஆளு போடணும்ல."

அல்லி வழியெல்லாம் யோசித்து வந்திருந்த விஷயம்தான் அது. "கொறைங்க" என்றாள்.

அன்று மாலை வீட்டில் இன்னொரு பேச்சுவார்த்தை நடந்தது. அது லாட்ஜில் நடந்ததைவிடக் கடுமையாக இருந்தது.

"செவ்வாக்கெழமை நான் சமைக்க மாட்டேன். தொவைக்க மாட்டேன். மாவு அரைக்க மாட்டேன்" என்றாள்.

"அப்ப யாரு செய்றது? செவ்வாக்கெழமை நான் கடைக்குப் போவணும்ல?"

"ஞாயித்துக்கெழமை நான் வேலைக்குப் போயிட்டு வந்து சமைக்கலே? அதே மாதிரிதான்."

"அன்னைக்கு நீ என்ன பண்ணப் போறே?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்லே."

"ஒண்ணும் பண்ணாம ஒரு மனுசி எப்படி இருக்க முடியும்?"

"ஞாயித்துக்கெழமை நீங்க எப்படி இருக்கீங்க?"

செந்தில்குமார் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். முதல் செவ்வாய்க்கிழமை ஓட்டலில் இட்லி வாங்கிவந்து மேசைமேல் டம்மென்று வைத்தான். இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஒன்றும் வாங்கவில்லை. அவனும் மகளும் பழைய சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரம் எழில்மதி, "அப்பா, எனக்கு டிபன் பாக்ஸ்ல ஏதாச்சும் வேணும், நீங்க ரெண்டு பேரும் சண்டையப் பொறவு போடுங்க" என்றாள். அன்று அவன் தக்காளிச் சாதம் செய்தான். உப்பு இல்லை. அல்லி உப்பு இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாரம் தானே அடுப்படிக்குள் போய்விடுவோம் என்று அவளுக்குப் பயம்.

சும்மா இருப்பதுகூட அவளுக்கு லேசில் வரவில்லை. முதல் சில செவ்வாய்க்கிழமைகளில் அவளறியாமல் கை துணியை மடிக்கப் போகும். போர்வையை உதறும். கொடியைப் பார்த்தால் கண் உறுத்தும். இப்படி என்னைப் பழக்கிவைத்திருக்கிறார்களே என்று அவளுக்குத் தன் கைகள் மேலேயே கோபம் வந்தது. வீட்டில் இருந்தால் சரிப்படாது என்று பதினோரு மணி பஸ் பிடித்துக் காரைக்காலுக்குப் போனாள். கடற்கரையில் அந்த நேரத்தில் ஆள் இருக்காது. அரசலாறு கடலில் கலக்கிற பக்கத்தில், நிழல் விழுகிற ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுண்டல்காரர்கூட வராத வெயில். யாரும் சாவி கேட்கவில்லை, சோறு கேட்கவில்லை. மூன்று மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, பசித்ததும் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தாள். ஊரில் யாரோ பார்த்துவிட்டு, செந்தில்குமாரின் மனைவி பட்டப்பகலில் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று பேசினார்கள். பேசட்டும் என்று அடுத்த வாரமும் போனாள்.

அதற்கப்புறம் வேலை அவளுக்குப் பிடித்துப்போய்விடவில்லை. புதன்கிழமை காலையில் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது இப்போதும் அதே கசப்புதான். ஆனால் கசப்பு வாரம் முழுக்க ஒரே அளவில் இருக்கவில்லை. விருந்தாளி ஒருவர் எண்ணெய் உறையைத் தூக்கி மேசையில் எறிந்தபோது, முன்பென்றால் சிரித்து மழுப்பியிருப்பாள். இப்போது, "வேற உறை தர்றேன். ஆனா எறியக் கூடாது" என்றாள், சிரிக்காமல். அவர் மன்னிப்பு கேட்டார்.

அடுத்த வருஷக் கடைசியில் சனிப்பெயர்ச்சி வந்தது. புதன்கிழமை. அந்த வாரம் ஊரே கொள்ளாது என்பதால், முந்தின நாள் செவ்வாய்க்கிழமையும் வர அல்லி தானே ஒப்புக்கொண்டாள். பதிலுக்கு அடுத்த வாரம் செவ்வாய், புதன் இரண்டு நாளும் தனக்கு வேண்டும் என்றாள். கார்த்திகேசன் சரி என்றார். கூட்டத்தில் அவள் நின்ற கால் வீங்கிப்போனது. அந்த வாரத்தை எப்படிக் கடந்தோம் என்று அவளுக்கே நினைவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கையில், வாசலில் கார்த்திகேசனின் கார் வந்து நின்றது. செந்தில்குமார் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து கதவைத் திறந்தான்.

"போன் போக மாட்டேங்குது தம்பி. பெயர்ச்சிக் கூட்டம் இன்னும் கொறையல. ஒரு நாலு மணி நேரம் அல்லிய அனுப்புங்க. நானே கொண்டாந்து விட்டுடுறேன்."

செந்தில்குமார் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"அவளுக்கு இன்னைக்கு லீவுங்க."

"தெரியும் தம்பி. இருந்தாலும் அவசரம்..."

"போன வாரம் வந்தாள்ல சார். கால் வீங்கிக் கெடக்கு. பேசுனபடி ரெண்டு நாள் அவளோடது. எழுப்ப மாட்டேன். நீங்க உள்ள வாங்க, காபி போட்டுத் தர்றேன்."

கார்த்திகேசன் சங்கடத்தோடு உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டுப் போனார். அல்லி எழுந்தது பத்து மணிக்கு மேல். செந்தில்குமார் கடைக்குப் போயிருந்தான். பள்ளி விடுமுறை என்பதால் வீட்டிலிருந்த எழில்மதிதான் ஒன்று விடாமல் நடந்ததைச் சொன்னாள். அல்லி தலைமுடியைக் கோதிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். பிறகு கணவனுக்குப் போன் போட்டாள்.

"அந்த ஆளுக்குக் காபி வேற போட்டுக் குடுத்தீங்களாமே?"

"வாசல்ல வந்து நிக்கிறாரு. வேற என்ன பண்ணச் சொல்ற?"

"வாசலோட அனுப்பியிருக்கணும். லீவு நாள்ல வீட்டுக்கு வர்ற மனுசனுக்குக் காபி ஒரு கேடா? நாளைக்கும் வருவாரு பாருங்க."

"வந்தா நாளைக்குக் குடுக்கல. சரியா? டப்பா எறக்குறாங்க, வைக்கிறேன்."

"சக்கரை போட்டீங்களா?"

"எதுக்கு?"

"அவருக்குச் சக்கரை வியாதி" என்றாள் அல்லி.

 "ரெண்டு ஸ்பூன் போட்டேன்" என்றான் செந்தில்குமார். அல்லி போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.